பின்னாடி எஞ்சின், முன்னாடி ரெண்டு சீட்டு

"ரெண்டு பேருங்க பாய். ரெண்டு பேர் உக்கார்ற வண்டி," அப்படின்னு சொல்லி முடிச்சதுக்கப்புறந்தான் சென்னியப்பனுக்கு உறைச்சுது, இவ்வளவு வேகமாச் சொல்லியிருக்க வேண்டியதில்லைன்னு. நூருல்லா பாய் கேட்டது சாதாரணக் கேள்வி, எத்தனை பேர் போற வண்டிங்கன்னு, டீக்கடைக்காரன் எத்தனை டீன்னு கேக்கற மாதிரி. அதுக்குப் போயி, டவுசர் பாக்கெட்டுல மாங்கா வெச்சிருக்கறவன் யாரும் கேக்காமலே நான் பறிக்கலைன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டான். நல்ல வேளை பாய் அதைக் கவனிக்கல. "அப்பச் சரி. ரெண்டுல ஒண்ணு புடிச்சுக்குங்க இன்ஜினியர் சார். பன்னெண்டு மணிக்கு உடுமலைக்காரன் லோடு ஆட்டோவோட வர்றான். எதுல பேர் இல்லையோ அதைத் தூக்கிட்டுப் போயிருவான்," அப்படின்னு சொல்லிட்டு ஒரு சாக்பீசைக் கையில குடுத்துட்டுக் கல்லாவுக்குப் போயி உக்காந்துட்டாரு. உக்கடத்துல பாய் கடையில அதுதான் சட்டம். ரசீது கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. எஞ்சின் மேல சாக்பீசுல பேர் எழுதிட்டா அது உன்னுது, கலெக்டரே வந்தாலும் குடுக்க மாட்டாரு. எழுதினதை அழிச்சுட்டாலும் அழிச்சதுதான், அன்னிக்குப் பூரா அந்த எஞ்சினை நீ திரும்பிக் கேக்கப்படாது. மனசு மாறிட்டே இருக்கற ஆளுங்களால கடைய மூட வேண்டி வந்துருச்சாம் ஒரு காலத்துல. மணி பதினொண்ணே கால். தகரக் கூரை சூடேறி டிக் டிக்னு சத்தம் குடுத்துட்டு இருந்துச்சு. எதுத்தாப்புல, ரெண்டு பழைய டயர் மேல ரெண்டு எஞ்சின், கியர்பாக்ஸோட, பொண்ணு பாக்க வந்தவன் முன்னாடி அக்காவையும் தங்கச்சியையும் சேத்து உக்கார வெச்ச மாதிரி. ஞாயித்துக்கிழமை காலையில மனுசனுக்கு இப்படி ஒரு சோதனை வரப்படாது. வந்துருச்சு. சென்னியப்பனுக்கு உள்ளங்கை வேர்த்து சாக்பீசு ஈரமாச்சு, சந்தோசத்துல.

இடது பக்கம் இருக்கறது பல் டாக்டர் எஞ்சின். வலது பக்கம் டீச்சர் எஞ்சின். பேர் இவன் வெச்சதுதான். பல் டாக்டரோட வண்டியைப் பின்னாடி லாரி முட்டி டிக்கி பின் சீட்டுக்கு வந்துருச்சு, டாக்டர் காப்பி குடிக்கப் போயிருந்ததால தப்பிச்சாரு, முன்னாடி எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்ல. ஆயிரத்தி அறநூறு சிசி, நூத்திப் பதினஞ்சு ஹெச்.பி. டீச்சரோட வண்டி மேல பள்ளிக்கூடத்துப் புளியமரக் கிளை முறிஞ்சு விழுந்து கூரை அமுங்கிப் போச்சு. ஆயிரத்தி எரநூறு சிசி, எண்பத்தி மூணு. ஹெச்.பி.ன்னா சென்னியப்பனுக்குப் புதுசில்ல, பம்பு கம்பெனியில மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், இருபத்தியாறு வருசமா அதுலயேதான் முங்கிக் குளிக்கறான். அஞ்சு ஹெச்.பி., ஏழரை ஹெச்.பி. ஆனா அதெல்லாம் கெணத்து மேட்டுல உக்காந்த எடத்துல உக்காந்து தண்ணி எறைக்கற ஹெச்.பி. நகராது. நூத்திப் பதினஞ்சு ஹெச்.பி. நகரும். முதுகுக்குப் பின்னாடி இருந்து தள்ளும். அதை நெனைச்சா நாப்பத்தெட்டு வயசுலயும் அடிவயித்துல ஒரு குளிர்ச்சி, தூரி ஆடறப்ப ஊஞ்சப் பலகை உச்சிக்குப் போயி எறங்குமே, அப்ப வருமே அது. பின்னாடி இருந்து தள்ளறதுதான் இந்த வண்டியோட விசயமே. ஊர்ல ஓடற கார்ல எஞ்சின் முன்னாடி. இவன் கட்டற கார்ல எஞ்சின் சீட்டுக்கு முதுகுப் பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னாடி, வண்டியோட நடு வயித்துல. முன் சக்கரத்தை இழுக்கற எஞ்சினைக் கியர்பாக்ஸோட அலுங்காமத் தூக்கி அப்படியே பின்னாடி கொண்டாந்து வெச்சுட்டா அது பின் சக்கரத்தைத் தள்ளும். கேக்கறதுக்கு வீட்ல பீரோவை இடம் மாத்தற மாதிரி சுலபம். மூணு வருசம் ஆச்சு. கணபதியில வீட்டுப் பக்கத்துக் கொட்டாயில ஸ்கொயர் பைப்புல ஃப்ரேம் வெல்டு பண்ணி, எஞ்சின் வாங்கக் காசு சேர்ற வரைக்கும் தெர்மோகோல்ல ஒரு எஞ்சின் செஞ்சு உள்ள வெச்சிருக்கான். மூணு வருசமா வண்டியில தெர்மோகோல் எஞ்சின். சத்தமில்ல, பொகையில்ல, மைலேஜ் பத்தி ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல. ஆர்டிஓ ஆபீஸ்காரங்களுக்கும் அதுதான் புடிக்கும், ஏன்னா வீட்ல கட்டுன காரை ரோட்ல ஓட்ட விட மாட்டாங்க, செட்டிபாளையம் ட்ராக்குல மட்டுந்தான் ஓட்டலாம், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, ஹெல்மெட்டோட. இவன் பொண்டாட்டி கோதை அதைக் கேட்டுட்டு சொன்னா, "மாசத்துக்கு ஒரு நாள் போறதுக்கு மூணு வருசமுங்களா, நல்ல கணக்குங்க," அப்படின்னு. சொல்லிட்டு, "எனக்கு ஒரு சீட்டு இருக்குதல்லங்?" அப்படின்னா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல அவ வாயைத் தொறந்து இவன்கிட்டக் கேட்ட பொருள்னு எண்ணுனா ஒரு கையிலயே விரல் மிச்சமாகும். அதுல இது ஒண்ணு. அவளைப் பெயிண்டு டப்பா மேல உக்கார வெச்சு, பின்னாடி பிளைவுட்டை நிறுத்தி, தோளு, இடுப்பு எல்லாம் இதே மாதிரி ஒரு சாக்பீசுலதான் கோடு போட்டான். "இடுப்பளவு டைலர் எடுத்தான், இப்ப வெல்டரும் எடுத்தாச்சு," அப்படின்னு சிரிச்சா. அந்தக் கோடு இன்னும் பிளைவுட்ல இருக்குது.

பல் டாக்டர் எஞ்சினை பாய் காலையில ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனாரு. தரையில டயர் மேல வெச்சபடியே, லாரி பேட்டரி ஒண்ணு, தண்ணி பாட்டில்ல பெட்ரோலு, சைலன்சர் கிடையாது. எடுத்த எடுப்புல ஒரு இருமல், அப்புறம் ஒரு ஒறுமல், அப்புறம் பாய் ஆக்சிலேட்டர் கேபிளைக் கையில புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு பாரு, எதிர்க் கடையில தூங்கிட்டு இருந்த நாய் எந்திரிச்சு மரியாதையா அக்கட்டால போயிருச்சு. அந்தச் சத்தம் காது வழியா வரல. செருப்பு வழியா ஏறிச்சு, முழங்கால்ல, அப்புறம் நெஞ்சுக்கூட்டுல வந்து அங்கயே குடியிருந்துருச்சு, இப்பக்கூட இருக்குது. எஞ்சின் நின்னு முக்கா மணி நேரம் ஆச்சு, இவன் இன்னும் நிக்கல. பணமும் ஒண்ணும் மோசமில்ல, நாப்பத்தஞ்சுக்குள்ள முடிக்கணும்னு வந்தான், பாய் நாப்பத்தாறு சொன்னாரு, ஆயிரத்தை எறக்கிக்கலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழு செகண்டு. ஈவ்னிங் பாலிடெக்னிக்ல படிச்ச கணக்கு வீண் போகல, வண்டி எடை, ஆள் எடை எல்லாம் போட்டு ரெண்டு தடவை சரி பாத்தாச்சு. ஏழு. சாக்பீசுக் கையே தானா இடது பக்கம் போகுது, தடுக்கறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது, பொகை வெளிய போற அந்த எக்ஸாஸ்ட். பாழாப்போன எக்ஸாஸ்ட்டு முன் பக்கம் பாத்துட்டு இருக்குது. டீச்சர் எஞ்சினுக்குப் பின் பக்கம். எஞ்சின் காருக்கு முன்னாடி இருந்தா அது எந்தப் பக்கம் பாத்தா என்ன. ஆனா இவன் வண்டியில எஞ்சினுக்கு முன் பக்கம்னா அது சீட்டுக்கு முதுகு. நாலு குழாயும் சேந்து ஒரு குழாயா எறங்கற எடம், பழுக்கக் காஞ்சா செவப்பாத் தெரியுமே அந்த எடம், போன வாரம் வந்து அளந்துட்டுப் போயிப் பாத்தா கரெக்டா இடது சீட்டுக்குப் பின்னாடி நாலு விரக்கடை. டிரைவர் வலது பக்கம். இடது பக்கம் யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. கம்பெனியில லேத்துல நிக்கற இஸ்ரவேலுகிட்ட நேத்து போன்ல கேட்டான். "அட ஏண்ணா கொழப்பிக்கற, எஞ்சினை அப்படியே திருப்பி வெச்சுரு, எக்ஸாஸ்ட்டு பின்னாடி போயிரும்," அப்படின்னான். அரை நிமிசம் ரெண்டு பேருக்கும் ஒலகமே தெளிவாயிருச்சு. அப்புறந்தான் இவனுக்கு ஓடுச்சு, திருப்பி வெச்சா சக்கரமும் திரும்பித்தானேடா சுத்தும். அஞ்சு கியரும் ரிவர்ஸ். முன்னாடி போறதுக்கு ஒரே ஒரு கியர். "நம்ம மேனேஜ்மென்ட்டு வண்டி மாதிரி," அப்படின்னான் இஸ்ரவேல், போனை வெக்கற வரைக்கும் சிரிச்சான். இவனும் சிரிச்சான். சிரிச்சுட்டு அந்த நாலு விரக்கடையிலயே வந்து நின்னுட்டான். எங்க சுத்துனாலும் அங்கதான். தகரம் வெச்சு மறைக்கலாம், அதுக்கு மேல செராமிக் துணி சுத்தலாம், இன்னொரு தகரம், ஊடால காத்து போக சந்து. அதுக்கெல்லாம் நாலு விரக்கடை பத்தாது, எட்டு வேணும். எட்டுக்கு சீட்டை முன்னாடி தள்ளணும், தள்ளுனா கால் எங்க வெக்கறது. இல்லைன்னா.

இல்லைன்னா இடது சீட்டு வேண்டாம். முந்தாநாள் பல்லு வெளக்கிட்டு இருக்கறப்ப வந்த யோசனை, துப்பறதுக்கு மறந்து நின்னான். ஒத்தை சீட்டு, வண்டிக்கு நட்ட நடுவுல, ரேஸ் வண்டி மாதிரி. இந்தப் பக்கம் ஒரு சக்கரம் அந்தப் பக்கம் ஒரு சக்கரம், நடுவுல சென்னியப்பன். எக்ஸாஸ்ட்டு அது பாட்டுக்கு இடது ஓரமா எறங்கிப் போகட்டும். எடையும் கொறையுது. எல்லாமே சரியாகுது, ஒரு கணக்குக்கு விடை முழு எண்ணா வந்த மாதிரி, அப்படி வந்தா சரியாத்தான் இருக்கும்னு ஒரு நம்பிக்கை வருமே. பாய்கிட்ட ரெண்டு பேருன்னு சொன்ன வாய்க்கு இது தெரியும், அதனாலதான் அவ்வளவு வேகமாச் சொல்லுச்சு. கோதைகிட்டக் கேட்டா என்ன சொல்லுவான்னும் தெரியும். உங்களுக்குப் புடிச்சதை எடுங்க. அவ்வளவுதான். மூஞ்சி சுளிக்க மாட்டா. சண்டை போட்டாலாவது பரவால்ல, சண்டையில ரெண்டு பக்கம் இருக்குது. கேக்கவே வேண்டாம், கேக்காம முடிவு பண்றதுதான் யோக்கியம்னு நெனைச்சான், ஒடனே அதெப்படி யோக்கியம் ஆகும்னும் நெனைச்சான். அவ இப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய சீட்டுக் கடையில நிக்கறா, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. "எஞ்சின் எனக்கென்னங்க தெரியும், நீங்க பாத்துட்டு இருங்க, நான் அக்கட்ட சும்மா நிக்கறேன்," அப்படின்னு போனவ. சும்மா நிக்கறவ குரல் மாதிரி இல்ல. "இதுல யாரு வாந்தி எடுத்ததுங்க?" அப்படின்னு கடைக்காரனைக் கேக்கறா. "அக்கா, அது டிசைனுக்கா," அப்படிங்கறான் அவன். அவ சிரிக்கறா. அந்தச் சிரிப்பு இந்தப் பக்கம் வந்து தகரத்துல பட்டு இவன் கழுத்துல விழுகுது. கழுத்து காந்துச்சு. வெயிலு. வெயிலில்ல, கோதை கால்ல இருக்கற தழும்பு ஞாபகம். கல்யாணமாகி எட்டாம் நாளு, இவன் புதுசா வாங்குன செகண்ட் ஹேண்டு பைக்குல அவளை ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார வெச்சு மருதமலைக்குப் போனான். போற வழி பூரா இவன் பேசுனான், இந்த பைக்குக்குக் கார்புரேட்டரை எப்படி மாத்துனேன், ஜெட்டை எப்படித் தொளைச்சேன்னு, காத்துல பாதி பறந்து போச்சு, அவ பின்னாடி இருந்து ம் ம்னு சொல்லிட்டே வந்தா. அடிவாரத்துல எறங்கி படி ஏறி சாமி கும்பிட்டு எறங்கி வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் பாத்தா வலது கெண்டைக்கால்ல அம்பது காசு அளவுக்குத் தோலு வெந்து தொங்குது. சைலன்சர் சுட்டிருக்குது. போற வழியிலயே சுட்டிருக்குது. அத்தனை படி அதோட ஏறியிருக்கா. ஏன் சொல்லலைன்னு இவன் பேஸ்டைத் தடவிட்டே கேட்டதுக்கு, "நீங்க அவ்வளவு சந்தோசமாப் பேசிட்டு வந்தீங்கல்லங்," அப்படின்னா. இருபத்திரண்டு வருசமா அந்தத் தழும்பு அங்கதான் இருக்குது, காலை நீட்டிக் காய் நறுக்கறப்பத் தெரியும். அப்புறம் நாலு வருசம் இவன் வேலை முடிச்சு ஈவ்னிங் பாலிடெக்னிக் போனப்ப, ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா வீடு பூரா ட்ராயிங் ஷீட்டு, ஒத்தை ரூமு வீடு, அவ பென்சில் கோட்டை மிதிக்காம அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தா. ஒரு தடவை கூட மிதிக்கல. ஒரு தடவையாவது மிதிச்சிருக்கலாம். டிப்ளமாவுல ட்ராயிங்குக்குத்தான் இவனுக்கு மார்க்கு ஜாஸ்தி.

டீச்சர் எஞ்சின் பக்கம் திரும்புனான். திரும்பணும்னு இல்ல, இடது பக்கம் பாக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. சின்ன எஞ்சின், ஒடம்பு பூரா அலுமினியம், ஒட்டடை அடிச்சுத் தொடைச்சு வெச்ச மாதிரி. டீச்சரம்மா அம்பதைத் தாண்டி ஓட்டவே மாட்டாங்களாம், பாய் சொன்னாரு. பதினோரு வருசம் வீட்லிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. ஆயில் சரியா மாத்தியிருக்காங்க. உள்ள விரலை விட்டுப் பாத்தான், தேன் மாதிரி வந்துச்சு. பதினோரு வருசம் அம்பதுல ஓடுன எஞ்சின், இதால எவ்வளவு ஓட முடியும்னு இதுக்கே தெரியாது. ஆறாயிரம் சுத்துன்னா என்னன்னு தெரியாது. அதை நெனைச்சதும் இவனுக்கு உள்ளுக்குள்ள என்னமோ பத்திக்கிச்சு, இது வேற மாதிரி பத்துது, நெஞ்சுக்கூட்டுல இருந்து இல்ல, கையில இருந்து. "பாய், இதை இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணட்டுங்களா?" கல்லாவுல இருந்து பாய் கையை ஆட்டுனாரு, நீயாச்சு எஞ்சினாச்சுன்னு. பேட்டரி வயரை மாத்துனான், பாட்டிலைத் தூக்கி ஆணியில மாட்டுனான், டக்குனு புடிச்சுக்கிச்சு. இருமலில்ல. காலையில கேட்டப்ப தையல் மெசின் மாதிரி இருக்குதேன்னு ஒதுக்குனான். இப்ப கேபிளைப் புடிச்சு, மெதுவா, ரெண்டாயிரம், மூணாயிரம், தையல் மெசின்தான், நாலாயிரம், அம்பதைத் தாண்டியாச்சும்மா பயப்படாத, அஞ்சாயிரம், அங்கதான் குரலு மாறுச்சு. கம்முனு இருந்த ஒருத்தி திடீர்னு பாட ஆரம்பிச்ச மாதிரி. ஒறுமல் இல்ல, உச்சியில ஒரு ஊதல், நேரா, பிசிறில்லாம, இன்னும் இன்னும்னு போகுது. இவன் கேபிளை விட்டுட்டான். எக்ஸாஸ்ட்டு பின்னாடி சுவத்தைப் பாத்து ஊதிட்டு இருக்குது, முன்பக்கம் இவன் பொறங்கையை வெச்சுப் பாத்தான், வெதுவெதுப்புதான், சட்டை அயர்ன் பண்ணி அரை மணி நேரம் ஆன மாதிரி. தெர்மோகோல் செஞ்ச அளவும் இந்த அளவும் பக்கத்துல வருது, மவுண்டிங் மட்டும் மாத்தணும், ஃப்ரேமைத் தொட வேண்டாம். எடை நாப்பது கிலோ கொறைச்சல். கோதையோட எடை அறுவத்தியொண்ணு, அவ சொல்றது அம்பத்தியாறு, வண்டிக்கு இவன் கணக்குல எடுத்துக்கிட்டது அறுவத்தியொண்ணு. ஆகக்கூடி அவளையும் ஏத்தி, எண்பத்தி மூணு ஹெச்.பி.யில, நூறைத் தொட எத்தனைன்னு வெரலாலயே தூசியில போட்டான். ஒம்பது. மறுபடி போட்டான், ஒம்பதேதான். அந்தப் பக்கம் ஏழு. ரெண்டு செகண்டு. ஒண்ணு, ரெண்டு. வாய்விட்டு எண்ணிப் பாத்தான். ஒரு தும்மலுக்கு ஆகற நேரம். ட்ராக்குல ரெண்டு செகண்டுன்னா பெரிசு, தெரியும், ரெண்டு செகண்டுல ஒருத்தன் ஜெயிச்சுப் போயிருவான். சரி, போகட்டும், அவன் ஒத்தையாத்தானே போறான். இல்ல, இது சும்மா மனசைத் தேத்தறது. அந்தச் சத்தம் வேணும். செருப்பு வழியா ஏறுன அந்தச் சத்தம், இந்த ஜென்மத்துல ஒரு தடவை. வேணும்டா. வேணுங்கறது வேணும்தான், அதுல பொய் சொல்லி என்ன ஆகப் போகுது.

எஞ்சினை நிறுத்துனான். நிறுத்துனதும் கால் ரெண்டும் இடது பக்கந்தான் போச்சு, அதை ஏன்னு கேக்கறதுக்கில்ல. குனிஞ்சான். பல் டாக்டர் எஞ்சினோட மேல் மூடியில தூசியைத் தொடைச்சான், சாக்பீசை வெச்சான். செ எழுத மொதல்ல கொம்பு. கொம்பைப் போட்டான். நல்லா வந்துச்சு, சுழிச்சு, ட்ராயிங்ல மார்க்கு வாங்குன கை. "கொம்பு போட்டாச்சு. கொம்பும் கணக்குதான் இன்ஜினியர் சார்," அப்படின்னாரு பாய், பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம. மணி பதினொண்ணே முக்கா. ச போட்டு முடிச்சாப் பாதி வேலை முடிஞ்சுது. குனிஞ்சவன் குனிஞ்சபடியே நின்னான், மூக்குக்கு நேரா அந்த நாலு குழாயும் ஒண்ணு சேர்ற எடம், காலையில ஓடுன சூடு இன்னும் மிச்சமிருக்குதான்னு விரலை வெச்சான். சுள்ளுன்னுச்சு. முக்கா மணி நேரத்துக்கு மேல ஆச்சு, இன்னும் சுள்ளுங்குது. விரலை வாயில வெச்சுக்கிட்டான். அவ எதுவுமே சொல்லாம ம் ம்னு வந்தாளே, அது எவ்வளவு தூரம். அப்பக் குடியிருந்த காந்திபுரத்துல இருந்து மருதமலை. எத்தனை செகண்டு ஆகும் அதுக்கு. ஒண்ணு, ரெண்டு, எண்ணி முடியாது. சட்டைக் கையை இழுத்து விட்டு, அந்தக் கொம்பைத் தொடைச்சான். ஒரே இழுப்பு. பாய் இப்பத்தான் தலையைத் தூக்குனாரு. "அழிச்சா அழிச்சதுதான், தெரியுமல்ல? உடுமலைக்காரன் விட மாட்டான்." "தெரியுமுங்க பாய்." "நல்லாத்தான ஒறுமுச்சு அது?" "ரொம்ப நல்லா ஒறுமுச்சுங்க," அப்படின்னான். நாலு எட்டு நடந்து டீச்சர் எஞ்சினுகிட்ட வந்து முட்டி போட்டு உக்காந்தான். முழுப் பேரையும் எழுதுனான், இனிஷியலோட, ஆண்டு விழா போர்டுல எழுதற மாதிரி பெருசா. ன் மேல புள்ளி வெக்கறப்ப சாக்பீசு ஒடைஞ்சு போச்சு. எழுதி முடிச்சதும், நம்புனா நம்புங்க, அந்த ஊதல் சத்தம் கையில இருந்து தோளுக்கு ஏறிட்டு இருந்துச்சு. ஆறாயிரம் போகும். ஆறாயிரத்தி ஐநூறே போகும், கேம்ஷாஃப்ட்டைக் கொஞ்சம் மாத்துனா. ஒம்பதுங்கறதை எட்டரை ஆக்கிரலாம். மவுண்டிங்குக்கு எட்டு எம்எம் பிளேட்டு, இஸ்ரவேலை விட்டு திங்கக்கிழமையே வெட்டிர வேண்டியதுதான், கியர் கேபிளு மட்டும் நீளம் வேணும், அது.

"ஏனுங்! ஏனுங், இங்க ஒரு நிமிசம் வாங்க!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோதை. கடைக்காரன்கிட்ட சொல்லி ஒரு செவப்பு சீட்டை வெளிய எடுத்துப் போட்டு, ரோட்டோரம் வெயில்லயே அதுல உக்காந்திருந்தா. காலை முன்னாடி நீட்டி, கைப்பையை மடியில வெச்சு, வண்டி ஏற்கெனவே கெளம்பிட்ட மாதிரி நேராப் பாத்துட்டு. ஒரு ஆட்டோ அவளைச் சுத்தி ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு, அவ அசையல.

"முதுகுக்குச் சரியா இருக்குதுங்களான்னு வந்து பாருங்க, உங்களுக்குத்தான அளவு தெரியும்!"

சென்னியப்பன் ஒடைஞ்ச சாக்பீசைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டு, ரெண்டு பக்கமும் பாத்து, ரோட்டைத் தாண்டிப் போனான்.